இடுக்கில் ஒட்டிய பேப்பர்

தாம்பரம் வீட்டின் மாடிப் படுக்கையறையில் புது பிளைவுட் அடிப்பதற்காக, தச்சர் பழைய தரைப்பலகையைப் பெயர்த்தார். அடிப்பக்கம் பழுப்பேறிய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அது யார் ஒட்டியது என்று எனக்குத் தெரியும்.

பள்ளி நாட்களில் கீழே வாடகைக்குக் குடியிருந்த சேகர் என் வகுப்பு. அவன் இரவில் நனைத்த பாயை அவன் அம்மா காலையில் சுருட்டுவதை மாடியிலிருந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

"டேய், பீர்க்கன்கரணை ஏரி வருதுடா, ஒதுங்கு."

அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

அந்த வாரமே அவன் அம்மா ஸ்டூலில் ஏறி, மைதாப் பசை தடவி இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டினார். ஏன் என்று என் அம்மா கேட்டார். வீட்டுக்காரர் பிள்ளையை எப்படிக் குறை சொல்வார்?

"மேலேர்ந்து மண்ணு கொட்டுதுக்கா."

"அடியில இன்னாத்துக்கு சார் பேப்பர் ஒட்டிக்கீறாங்க?" என்றார் தச்சர், பெயர்த்த பலகையைக் காட்டி.

"மண்ணு கொட்டும்ல" என்றேன்.