நாற்பது காகிதக் கிண்ணங்கள்

ஈரத்துணியால் ஒற்றிய பட்டர் பேப்பரைக் கவிழ்த்த டம்ளரின் மேல் வைத்து அழுத்தினால், முதலில் மொரமொரவென்று முரண்டு பிடித்து, பிறகு விரலுக்குப் பணிந்து, சுற்றிலும் சின்னச் சின்ன மடிப்புகளாக இறங்கும். மயிலாப்பூரில், சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்த எங்கள் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேட்ட அந்தச் சத்தம் இந்த எழுபத்து மூன்று வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை. அது இனிய நினைவு என்பதால் அல்ல.

அப்போது எனக்குப் பத்து வயது; ஸ்டெல்லா அக்காவுக்குப் பத்தொன்பது. பக்கத்துக் கான்வென்ட்டில் சமையல் வகுப்புக்கு உதவி டீச்சர் தேவைப்பட்டார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாற்பது 'கப் கேக்' செய்து கொண்டுவரும்படியும், நன்றாக வந்தால் வேலை அவளுக்குத்தான் என்றும் அங்கே தலைமையிலிருந்த 'மதர்' சொல்லியிருந்தார். அப்பாவோ, "வேலை கெடச்சா போ, நான் குறுக்க நிக்கல. இல்லாட்டி ஜனவரியில அரக்கோணத்துச் சம்பந்தம்தான், அப்புறம் மூச்சு உடக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

கேக்குக்கான காகிதக் கிண்ணங்கள் அன்று எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. அக்கா நான்கு பட்டர் பேப்பர் தாள்களை என்னிடம் கொடுத்து, தாளுக்குப் பத்துச் சதுரம் வெட்டி மடிக்கச் சொன்னாள். மூன்று தாள்களை ஒழுங்காக மடித்தேன். நான்காவதைக் காத்தாடி ஆக்கினேன். அது குப்பத்துக் கூரைகளுக்கு மேலே போய் அறுந்துகொண்டது. மீதிப் பத்துக் கிண்ணங்களுக்கு, ரொட்டி சுற்றி வந்து அம்மா சேர்த்து வைத்திருந்த மெழுகுத்தாள்களில் எழுத்தில்லாத இடமாகப் பார்த்து வெட்டி, மடித்து, மற்றவற்றின் நடுவே செருகிவிட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டில் கேக் சுடும் 'அவன்' அடுப்பு கிடையாது. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருப் பெண்கள் கலந்த மாவைத் தட்டுகளில் சுமந்துபோய், முனை பேக்கரியின் விறகு அடுப்பில் கொடுத்து வரிசையில் காத்திருப்பார்கள். அக்காவின் தட்டு உள்ளே போன சிறிது நேரத்தில் புகையும் மெழுகு வாடையும் கிளம்பின.

"இன்னாம்மா ஸ்டெல்லா, மெழுகுத்தாள்ல மாவ ஊத்திகினு வந்துகீற? அடுப்பு பூரா நாறிக்கினு கீது! மத்தவங்க கேக்குக்கெல்லாம் நான் இன்னா பதில் சொல்றது?" என்று பேக்கரிக்காரர் கத்தினார்.

"இவுங்கதான் டீச்சரம்மா ஆவப் போறாங்களாம்!" என்று வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

நாற்பதிலும் அந்த வாடை ஏறிவிட்டது. அக்கா கூடப் போயிருந்த என் பக்கம் திரும்பினாள். "டேய், நான் பட்டர் பேப்பர்தானேடா குடுத்தேன்?"

"நீ குடுத்ததத்தான் மடிச்சேன். கடைசித் தாளு வழவழன்னு இருந்துச்சு. நீதான் பாக்கல" என்றேன்.

அவள் அதை நம்பினாள். தன் தவறு என்று வீட்டிலும் சொன்னாள், கான்வென்ட்டிலும் சொன்னாள். "கையில எடுக்கறப்பவே பாக்க மாட்டியா? உனக்குக் கவனம் பத்தாதுடி" என்றார் அம்மா. வேலை வேறொருத்திக்குப் போயிற்று. ஜனவரியில் அக்கா அரக்கோணம் போனாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை நான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். என்ன பொய், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. அவர் மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். முழந்தாளிட்டுச் சொல்லி முடித்து, எல்லாம் தீர்ந்ததென்று எழுந்து வந்தேன். அந்த மூன்று ஜெபங்களுக்குப் பின்னால் அறுபது வருடங்களுக்கு மேல் ஒளிந்திருந்தேன்.

அக்கா அதன்பின் கேக் செய்யவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திருகிப் பார்ப்பாள். யாராவது கேலி செய்தால், "நான் மெழுகுத்தாளக் குடுத்தவளாச்சே!" என்று சிரிப்பாள். கூடச் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அந்த பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தட்டேந்தி நிற்கும் பெண்களும் இல்லை. காகிதக் கிண்ணங்கள் நூறு நூறாக அடையாற்றுக் கடைகளில் தொங்குகின்றன.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வேளச்சேரியில் அக்கா மகளின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பரிட்சை எழுதினா அம்மா நாலு வாட்டி திருப்பிப் பாக்கச் சொல்வாங்க மாமா. 'நீ என் பொண்ணு, உனக்கும் கவனம் பத்தாது'ன்னு. நான் இன்னிக்கும் வீட்டப் பூட்டிட்டுக் கீழ வரைக்கும் போயிட்டு, திரும்ப வந்து பூட்ட இழுத்துப் பாக்கறேன்."

அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் ஒருமுறை. லிஃப்ட் வந்து திறந்து மூடிக்கொண்டது. நான் ஏறாமல் நின்றிருந்தேன்.