போணி ஆகாத வண்டி

சனிக்கிழமைதோறும் லா பாஸ் சந்தையைப் பயணிகள் ஜீப்னி வேன் கடக்கும்போது பெர்லா பல்மாரெஸ் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவாள். தேடுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. சந்தை முனை பின்னால் போனதும் பையை மூடிவிடுவாள். பன்னிரண்டு வருடங்களாக இப்படித்தான்.

அறுபத்தொரு வயது. கணவன் போய் வெகுகாலம் ஆயிற்று. இலோய்லோ நகரத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் எடுக்கிறாள். மாணவர்கள் என்றால் சின்னஞ்சிறுசுகள் இல்லை. வாரம் ஐந்து நாள் அரசுப் பள்ளிகளில் சமையலும் தையலும் தோட்டவேலையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆறாம் நாள் மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பஸ் ஏறி வரும் ஆசிரியர்கள்.

"பிள்ளைங்களுக்குக் கைத்தொழில் கத்துக்கொடுக்கறீங்க, சரி. செஞ்சதை வித்துப் பிழைக்கிறது எப்படின்னு உங்களுக்கே தெரியலைன்னா அவங்களுக்கு யார் சொல்லுவா?" என்பாள்.

அதனால் ஒவ்வொருவரும் பருவம் முடிவதற்குள் ஒரு பொருளைச் செய்து, நிஜமாகவே விற்றுக் காட்டவேண்டும். அதில் அவளுக்கு ஒரே ஒரு கறாரான விதி. சொந்தக்காரரோ, கூட வேலை பார்ப்பவரோ, பாடம் நடத்தும் மேமோ வாங்கினால் அது கணக்கில் சேராது. இரக்கப்பட்டு வாங்கியது விற்பனையே இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் தோட்டக்கலை ஆசிரியர் எட்கார்டோ வகுப்பு வாசலிலேயே கூடையோடு மறித்தார்.

"மேம், உப்பு முட்டை! நீங்க ஒண்ணு வாங்கி போணி பண்ணுங்க மேம். உங்க கை ராசியான கைன்னு ஊரே சொல்லுது."

"என் கைராசி சிவப்பு மையோட சரி சார். வேணும்னா உங்க விடைத்தாள்ல போணி பண்றேன்."

"ஐயோ! இந்த மேம்கிட்ட வித்துட்டா நான் கடலுக்கே உப்பு வித்துடுவேன்" என்றார் எட்கார்டோ. எல்லோரும் சிரித்தார்கள். பெர்லாவும் சிரித்தாள். போணி என்ற சொல் மட்டும் நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

அன்று நான்காம் பாடம். வருடாவருடம் கொடுக்கும் அதே தாளைக் கொடுத்தாள். 'ஓர் இளைஞன். லா பாஸ் சந்தை முனையில், ஆவியில் வெந்த சியோபாவ் பன் விற்கும் தள்ளுவண்டி. முதல் நாள் ஒன்றுகூட விற்கவில்லை. மூன்று வாரத்தில் மூடிவிட்டான். காரணம்:' என்று அச்சிட்டு, அதன்பின் ஒரு வரி காலியாக விடப்பட்டிருக்கும்.

அந்த வரியை நிரப்பத்தான் அவள் பாடமே நடத்தினாள் என்றால் மிகையில்லை. "இடம் சரியில்ல", "விலை கூட", "பக்கத்துலயே பாட்சாய் கடை, சூடா நூடுல்ஸ் கிடைக்கறப்போ யார் பன் வாங்குவாங்க" என்று ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, அதையெல்லாம் மருந்துபோல் வீட்டுக்குக் கொண்டுபோவாள். எத்தனையோ ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஒருவர்கூட 'அம்மா' என்று எழுதவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அந்த இளைஞன் ஜெர்விக். அவளுடைய ஒரே மகன்.

கடை திறக்கும் அன்று காலையில் அவன் கைநிறைய மாவோடு சமையலறையில் நின்று கேட்டான். "அம்மா, இன்னைக்கு நீங்கதான் போணி பண்ணணும். வகுப்புக்குப் போற வழிதானே? ஒண்ணே ஒண்ணு."

"பெத்தவ வாங்கறது விற்பனையா டோட்டோ கண்ணா? அம்மா முந்தானையைப் பிடிச்சுட்டு வியாபாரம் பண்ணாதே. முகம் தெரியாத ஒருத்தன் கையால காசு வாங்கு முதல்ல."

"வாங்கறதுக்கு இல்லம்மா. போணிக்கு."

"போடா, எனக்கு நேரமாச்சு."

ஜீப்னி சந்தை முனையில் வேகம் குறைந்தபோது அவனைப் பார்த்தாள். பச்சை வண்டி, கோடுபோட்ட குடை. பானையின் மூடியை உயரத் தூக்கினான். ஆவி அவன் முகத்தை மறைத்தது. 'நிறுத்துப்பா' என்ற சொல் தொண்டைவரை வந்தது. இன்று இறங்கினால் தினமும் இறங்கவேண்டி வரும், பிள்ளை தேறமாட்டான் என்று விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் பானை நிறைய சியோபாவோடு திரும்பி வந்தான். "ஒண்ணும் போகலம்மா" என்றான். அவ்வளவுதான்.

"இடம் சரியில்லைன்னு நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள் அவள்.

மூன்று வாரத்தில் வண்டியை விற்றான். கப்பல் சமையற்கட்டில் வேலை தேடிக்கொண்டான். நான்காம் வருடம் நடுக்கடலில் காய்ச்சல் கண்டு, பெட்டிக்குள் வீடு வந்து சேர்ந்தான்.

இப்போது பலகை நிறையக் காரணங்கள். கடைசி பெஞ்சில் காலினோக் மலைப்பள்ளியின் சமையல் ஆசிரியை ரிஸாலின் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேம் ரிஸாலின், சியோபாவ் நினைப்புல பசி வந்துடுச்சா?" என்று எட்கார்டோ சீண்டினார்.

"சும்மா இருங்க சார்." அவள் எழுந்தாள். "மேம், அது பச்சை வண்டியா? கோடுபோட்ட குடையா?"

பெர்லாவின் கையில் சாக்பீஸ் நின்றது. "ஆமாம்."

"அப்போ நான் பார்த்திருக்கேன் மேம்! காலேஜ்ல முதல் வருஷம். நாங்க மூணு பேர் பசியோட போய் நின்னோம். அந்த அண்ணன் விக்கவே மாட்டேன்னுட்டாரு!"

"விக்கமாட்டேன்னாரா? கடையைத் திறந்து வச்சுக்கிட்டா?" என்றார் எட்கார்டோ.

"ஆமா சார். 'இன்னும் போணி ஆகலை தங்கச்சி. எங்கம்மா கையாலதான் போணி. கொஞ்சம் கழிச்சு வாங்க'ன்னாரு. எங்களுக்கு முன்னாடி ஒரு போர்ட்டர், அவரையும் திருப்பி அனுப்பிட்டாரு. ஒவ்வொரு ஜீப்னி வரும்போதும் மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டறாரு. 'ஆவியெல்லாம் போகுதே அண்ணா'ன்னு கிண்டல் பண்ணினோம். 'எங்கம்மா இதுலதான் வருவாங்க, வாசனை போகட்டும்'னாரு. மத்தியானம் திரும்பிப் போனோம். அப்பவும் அதே பதில். அம்மா வரமாட்டாங்க போலிருக்கேன்னு என் சிநேகிதி சொன்னா. அதுக்கு அவர் சிரிச்சாரு மேம். 'எங்கம்மாவுக்கு வாய்தான் அப்படி. வந்துடுவாங்க'ன்னாரு."

வகுப்பு ரசித்துச் சிரித்தது.

"அப்புறம் நாங்க அந்தப் பக்கமே போகலை. ரெண்டு தடவை திருப்பி அனுப்பினவர்கிட்ட யார் போவாங்க? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

"அப்படிப் போடுங்க! இடமும் தப்பில்ல, விலையும் தப்பில்ல" என்று தொடையைத் தட்டினார் எட்கார்டோ. "அந்தம்மா எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரியோ! ஒரு பன் வாங்கறதுக்கு என்ன கேடு அவளுக்கு?"

பெர்லா பலகைப் பக்கம் திரும்பினாள். இடம், விலை, பாட்சாய் கடை. ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்து முடித்தபின்னும் வெறும் பலகையில் கை போய்வந்துகொண்டே இருந்தது.

"அந்தம்மாவுக்குச் சனிக்கிழமை வகுப்பு இருந்தது சார்" என்றாள்.

சிரிப்பு நின்றது. எட்கார்டோ எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். ரிஸாலின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேம்... எனக்குத் தெரியாது மேம். சத்தியமா தெரியாது."

"எனக்கும் தெரியாது இந்தாய் கண்ணு" என்றாள் பெர்லா. "ஒண்ணும் போகலன்னு மட்டும்தான் சொன்னான். ஏன்னு சொல்லவே இல்ல. என்னைக் காட்டிக்கொடுக்காமயே போயிட்டான்."

முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அழுதாள். மகனின் பெட்டி வந்த நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை.

அடுத்த சனிக்கிழமை ரிஸாலினின் விற்பனை நாள். கல்லூரி வாசலில் மேசை போட்டு, பாகில் தோய்த்த வாழைக்காய் வறுவலைப் பொட்டலமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு ஈ காக்கை வரவில்லை. பெர்லா வந்து நின்றாள். வழக்கம்போல் தாண்டிப் போகவில்லை. அன்று வரும் வழியில் பையைத் திறக்கவும் இல்லை.

"ஒண்ணு கொடு இந்தாய்."

"நீங்க வாங்கினா சேராதே மேம்."

"சேர வேண்டாம். இது விற்பனை இல்ல, போணி."

பெர்லா நீட்டிய பணத்துக்கு ரிஸாலின் கை நீட்டினாள். நோட்டை வாங்கி, மீதியும் விற்கட்டும் என்று இந்த ஊர் வழக்கப்படி பொட்டலம் பொட்டலமாக அதால் மெல்லத் தட்டிக்கொண்டே போனாள். ஒன்றையும் விடவில்லை. கடைசிப் பொட்டலம்வரை பெர்லா பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று இறங்கியிருந்தால் அவனும் இப்படித்தான் பானையைச் சுற்றித் தட்டியிருப்பான். அந்த நோட்டைச் செலவழிக்காமல் வைத்திருப்பான்.

பொட்டலத்தைப் பிரிக்காமல் மாடிக்குப் போனாள். மேசையில் நான்காம் பாடத்தின் தாள் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, இத்தனை வருடம் மற்றவர்களை எழுதச்சொன்ன வரியைத் தன் கையால் நிரப்பினாள்.

'ஒரே ஒருத்தி ஜீப்னியிலிருந்து இறங்கவில்லை.'