அண்ணன் வைக்காத இரண்டு பட்டைகள்

அண்ணன் இல்லாத முதல் ஆண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்ன அண்ணி, "உங்ககிட்ட டைரி இருக்கு, தப்பு வராது" என்றார். டைரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் ஜீயபுரத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்குப் பதினொன்று. அவர் படிப்பை நிறுத்திவிட்டுத் திருச்சியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கையைக் கட்டிக்கொடுத்தார். என்னைப் பள்ளியிறுதி வரை படிக்க வைத்தார். பிறகு பாலக்கரையில் சொந்தமாகப் பட்டறை வைத்து என்னையும் சேர்த்துக்கொண்டார். குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில். காலையில் இருவரும் சைக்கிளில் பாலம் தாண்டி வருவோம்.

போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை வாங்கிப் புதுப்பித்து, வாங்கியவரின் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக் கட்டித் தருவது எங்கள் வேலை. பாடி கட்டுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். அச்சின் மேல் அடுக்கும் ஸ்பிரிங் பட்டைகள் எத்தனை என்று முடிவு செய்வதுதான் கடினம். கூடினால் வண்டி விறைத்துக் குதிக்கும். குறைந்தால் பாரத்தில் அமுங்கிவிடும். அண்ணன் வண்டியின் பின்புறம் ஏறி நின்று இரண்டு முறை காலால் அழுத்துவார், எண்ணிக்கையைச் சொல்வார். நான் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பட்டை எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று நோட்டில் குறிப்பேன். வருகிறவர்கள் என் நோட்டைத் தாண்டிப் போய் அவருடைய காலைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பல ஆண்டுகள் பொறுக்கவில்லை.

தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் ராவுத்தர் ஒருவர் லாரி கட்டக் கொடுத்தார். தார் அடிபடாமல் வந்தால் இன்னும் இரண்டு வண்டி தருவதாகச் சொன்னார். அந்த இரண்டு வண்டியும் கிடைத்தால்தான் பட்டறை நிலைக்கும் என்ற நிலை. அண்ணன் பக்கத்துக்கு ஏழு பட்டை என்றார். என் கணக்கில் ஒன்பது வந்தது. நோட்டை ராவுத்தரிடம் நீட்டினேன்.

அவர் அதைத் தொடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. மேஸ்திரி என்ன சொல்றார்?" என்றார்.

மறுநாள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அண்ணன் போயிருந்தார். பட்டைகளைப் பூட்டும் வேலை என்னுடையது. ஒன்பது வைத்துப் பூட்டினேன். கைதவறி நேர்ந்ததல்ல. வண்டி நன்றாக ஓடிய பிறகு எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்று வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

முதல் லோடு பச்சையாக வந்து இறங்கியது, குறை தெரியவில்லை. புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் ராவுத்தர் ஒரு சீப்பைக் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்தார். பழமெல்லாம் கறுத்திருந்தது.

"மேஸ்திரி, நான் ஏத்துனது பூவன். நீங்க கரியாக்கித் தந்துட்டீங்களே."

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

"பட்டை எண்ணிக்கையில நான் தவறிட்டேன் ராவுத்தரே. சாயங்காலத்துக்குள்ள பக்கத்துக்கு ரெண்டு எடுத்துத் தர்றேன். இன்னொரு லோடு ஏத்திப் பாருங்க."

"கால்ல வாதம் வந்துடுச்சா?" என்றார் ராவுத்தர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

எனக்கு அப்போது வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். என் கணக்கு ஒரே ஒரு முறை ஒரு வண்டியில் ஏறியது. அதுவும் அவர் பெயரில் போய்விட்டது.

அவர்கள் போனபின் அண்ணன் என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். "நோட்டுல தப்பில்லடா. மிலிட்டரிக்காரன் எழுதிவச்ச பாரத்துக்கு ஒன்பது சரிதான். வாழைத்தார் அம்புட்டு கனக்காது. பாடி நிரம்பிடும், பாரம் பாதிதான் ஏறும். தொட்டியத்துல நின்னு ஒவ்வொரு தாரா எண்ணிப் பார்த்தேன். உன்னையும் கூப்பிட்டேன்ல?"

கூப்பிட்டார். அந்தத் தேதியில் என் டைரியில் இருப்பது இது மட்டுமே: 'அண்ணன் ராவுத்தர் வீட்டு விருந்துக்குத் தொட்டியம் போயிருக்கிறார். நான் போகவில்லை.' அவர் காலால் மட்டும் அளந்தவரல்லர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் பொறாமை குறைந்தது என்று எழுத ஆசைதான். குறையவில்லை.

ஏழு பட்டையில் அடுத்த லோடு பழுதின்றி வந்தது. அந்த இரண்டு வண்டிகளும் கிடைத்தன. ஆனால் மேஸ்திரி ஒருமுறை சறுக்கிய கதை நம் குடும்பக் கல்யாணங்களில் நிலைத்துவிட்டது. போன ஆண்டு புத்தூர் ஆஸ்பத்திரியில், மூச்சுத் திணறலோடு கிடந்தவரிடம் தங்கையின் வீட்டுக்காரரான மைத்துனர் அதைச் சொல்லிச் சிரிப்பு மூட்டினார். அண்ணன் சிரித்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த நான் வாய் திறக்கவில்லை. நான்கு நாளில் அவர் போய்விட்டார்.

கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த மைத்துனருக்கும், பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், ஸ்ரீரங்கத்து அண்டை வீட்டாருக்கும், தொட்டியத்திலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த ராவுத்தரின் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் எல்லாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கதையை இனிச் சொல்லும்போது ஒன்பது பட்டை வைத்தவன் தம்பி என்று சொல்லுங்கள். அண்ணன் பெயரில் இருப்பவற்றுள் எனக்குச் சேர வேண்டியது அது ஒன்றுதான்.