பாட்டு பஸ்ஸில் தங்கமணி

போன மாதம் மகளோடு காரில் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாளையார் செக்போஸ்டில் வழக்கம்போல லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கண்ணாடியை இறக்கினேன். பக்கத்தில் நின்ற தனியார் பஸ்ஸிலிருந்து ஊதுபத்தி வாசனையும் டீசல் நாற்றமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. "கண்ணாடிய ஏத்தும்மா, மூச்சு முட்டுது" என்றாள் மகள். எனக்கானால் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊதுபத்தி, டீசல், மல்லிகைப்பூ, டிபன் பாக்ஸுக்குள் புழுங்கும் தக்காளி சோறு. இதெல்லாம் சேர்ந்து அடித்தால் எனக்கு இருபது வயது.

அப்போது கஞ்சிக்கோட்டில் சுவிட்சு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத் திரும்புவேன். பஸ்ஸின் நெற்றியில் ஏதோ சாமி பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அது பாட்டு பஸ். டிரைவர் சாமிநாதண்ணன் தலைக்கு மேலே ஒரு டேப் ரெக்கார்டர், கடைசி சீட் வரைக்கும் ஸ்பீக்கர். முன்னால் வேறொரு பஸ் காலியாக வந்தாலும் ஏறமாட்டோம். தாமதத்துக்காகக் கம்பெனியில் வாங்குகிற திட்டு தனிக் கணக்கு.

பஸ்ஸில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். எந்தப் பாட்டைப் போடுவது என்று ஆரம்பத்தில் தினமும் சண்டை. கண்டக்டர் பிரபாகரேட்டன்தான் தீர்ப்புச் சொன்னார். காலையில் தமிழ், சாயங்காலம் மலையாளம். அந்த ஏற்பாட்டில் எங்கள் எல்லோருக்கும் இரண்டு பாஷைப் பாட்டும் மனப்பாடம் ஆயிற்று. அர்த்தம் மட்டும் ஆகவில்லை. ஒரு மலையாளப் பாட்டைக் காதல் பாட்டு என்று நினைத்து ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு உருகியிருக்கிறேன். கல்யாணமான பிறகு பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்லித்தான் அது செத்துப்போன உழவுமாட்டை நினைத்துப் பாடுவது என்று தெரிந்தது. உருகியது உருகியதுதான்.

ஜன்னலோரம் என்றேன். உண்மையில் ஜன்னலோரம் தங்கமணியுடையது. நான் அவளுக்கு இந்தப் பக்கம். அவள் எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அண்ணன் பழனிச்சாமி கடலைக்காட்டைப் பார்த்துக்கொண்டு அவளை வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. நல்ல பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது டேப் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. சாமிநாதண்ணன் கேசட்டை வெளியே எடுத்தார். கூடவே பழுப்பு நாடா சந்தகை பிழிந்த மாதிரி நீள நீளமாக வந்தது.

"ஐயோ, பாட்டு நின்னுபோயல்லோ!" என்றார் பிரபாகரேட்டன்.

எஞ்சினையும் அணைத்திருந்தார்கள். வெயிலும் புழுக்கமும்தான் மிச்சம். அப்போது பாட்டு நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் அதை எடுத்துக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தேன். பார்த்தால் குரல் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. தங்கமணி முகத்தை வெளியே வைத்துக்கொண்டு தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. ரயில் போய்க் கேட் திறந்தும் சாமிநாதண்ணன் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனிலேயே கையை வைத்துவிட்டான். அந்தச் சத்தத்தில்தான் அவள் திரும்பினாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் என் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். என் முந்தானையை!

அதற்குப் பிறகு காலையில் டேப் ஓடவேயில்லை. கேட்டால், "ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுங்க அம்மிணி" என்பார் சாமிநாதண்ணன். அவர் அப்படிச் சொல்லும்போது டேப் அவர் தலைக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். சாயங்காலமானால் மலையாளம் பாடவும் செய்யும். தங்கமணி முதலில் மாட்டேன் என்றாள், அப்புறம் ஒரு பாட்டு என்றாள், அப்புறம் கேட்காமலே பாடினாள்.

ஊருக்குள் இப்படி ஒரு சேதி எத்தனை நாள் தங்கும்? டீக்கடையில் எவனோ பழனிச்சாமியிடம், "உன்ற தங்கச்சி பஸ்ஸுல கச்சேரி வெக்குதாமா?" என்று கேட்டுவிட்டான். பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துக்கொண்டிருந்த சமயம். அடுத்த வாரத்திலிருந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கம்பெனியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே வைத்துக்கொண்டு தங்கமணி அழுதாள். "வேல போனாக்கூடப் பரவால்ல புள்ள. அம்மா போனதுல இருந்து எங்கூட்டுல ரேடியோகூட வெக்கறதில்ல. அங்க என்னால வாயத் தொறக்கவே முடியாது."

நான் ஓட்டை வாய். சாயங்காலமே சாமிநாதண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் பழனிச்சாமியின் காட்டுப்பக்கம் பஸ்ஸை நிறுத்தி, ஆட்களையெல்லாம் உட்காரவைத்துவிட்டு இறங்கினார். வரப்பில் நின்றிருந்தவரிடம், "ஏனுங்க, நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்க. அதுக்கு முன்னால ஒரு நா பஸ்ஸுல வந்து உக்காந்து பாருங்க" என்றார். பழனிச்சாமி திரும்பிக் கடலைக்காட்டுக்குள் நடந்துவிட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கடைசி சீட். பஸ் பரீட்சை எழுதும் இடம் மாதிரி ஆகிவிட்டது. தங்கமணி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்டாப் போயிற்று, இரண்டு ஸ்டாப் போயிற்று, பாட்டு இல்லை.

பிரபாகரேட்டனுக்குத்தான் பொறுக்கவில்லை. டிக்கெட் பையைத் தோளில் தள்ளிவிட்டு அவரே பாட ஆரம்பித்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துத் தாலாட்டு. அதை அவர் ஊர்வலத்துக்குக் கோஷம் போடுவது மாதிரி பாடினார். வார்த்தை பாதி தமிழ், பாதி அவர் சொந்தம். தொட்டிலில் பிள்ளை இருந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். யாரும் சிரிக்கத் துணியவில்லை. இரண்டாவது அடியில் அவர் சுருதியை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டதும் தங்கமணிக்குத் தாங்கவில்லை.

"அப்படியில்லீங்க சேட்டா" என்றாள். சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் அந்த அடியைப் பாடினாள். பாடியதும் அடுத்த அடி தானாக வந்தது. பிரபாகரேட்டன் மெதுவாக வாயை மூடிக்கொண்டார். கஞ்சிக்கோடு வரும் வரைக்கும் அவள் பின்னால் திரும்பவேயில்லை.

இறங்கியதும் பழனிச்சாமி எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் தங்கச்சியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் கடைசி எடம்... அம்மா இன்னுங் கொஞ்சம் இழுத்துப் பாடும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப பஸ் பிடிக்க எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

வேலை போகவில்லை. பொள்ளாச்சிக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது, "எந்தங்கச்சி நல்லாப் பாடுமுங்க" என்று அவர்கள் கேட்காமலே அண்ணன் சொன்னாராம். அவர்களும் நல்ல மாதிரியான மனிதர்கள். கல்யாணத்துக்கு முன் கடைசியாக வேலைக்கு வந்த நாளில், சாயங்காலம் மலையாளப் பாட்டு வேண்டாம், அவளே பாடட்டும் என்று பிரபாகரேட்டன் சட்டத்தைத் தளர்த்தினார். அவள் போனபின் டேப் திடீரென்று ரிப்பேர் முடிந்து வந்துவிட்டது.

சாமிநாதண்ணன் இப்போது இல்லை. அந்தத் தடத்தில் பஸ்ஸும் இல்லை, ஆளுக்கொரு வண்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் யாரோ குடோன் கட்டியிருக்கிறார்கள். தங்கமணி இரண்டு வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டாள். துக்கம் கேட்கப் போயிருந்தேன். பழனிச்சாமி நன்றாகத் தளர்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அது பஸ்ஸுல பாடுனது ஏதாச்சும் டேப்புல புடிச்சு வெச்சிருக்கறீங்களா?"

இல்லை என்றேன். எங்கள் யாருக்கும் அது தோன்றவேயில்லை. நாளைக்கும் பாடுவாள் என்றுதான் தினமும் இறங்கிப் போனோம்.