அத்தை கல்யாணமும் தகரக் கூரையும்

பல்லடம் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சபைக் கோயிலின் ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் வேய்ந்தவர் என் அப்பா. அதைத் தெருத் தெருவாகச் சொல்லித் திரிந்தவள் நான். எட்டு வயதில் அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

ஆடியில் எங்கள் பக்கம் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். அதனால் கிழக்கு முனையில் தொடங்கி, முன் போட்ட தகரத்தின்மேல் அடுத்ததை ஏற்றி, மேற்கே வந்து முடிக்க வேண்டும். அப்போதுதான் விளிம்புக்கு அடியில் காற்று நுழையாது. எங்கள் கோயிலில் பீடமோ மேற்கே. தேவ காரியத்தைப் பீடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டே, "ஆகட்டுமுங்க" என்று மேற்கிலிருந்தே வேயத் தொடங்கினார். பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அந்தக் கூரைக்குக் கீழேதான் ஆடியில் அத்தைக்குக் கல்யாணம்; எங்கள் சபையில் ஆடி மாதம் பார்ப்பதில்லை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. முதலில் பேசிய சம்பந்தம் கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கு இன்னார் என்று சபைக்கு அறிவித்த பிறகு நின்றுபோயிருந்தது. இதுவும் நின்றால் அவளை யார் கட்டுவார்?

போதகர் ஜெபத்தை ஆரம்பித்ததும் தலைக்குமேல் ஒரு தகரம் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், தகரம் எம்மாத்திரம். ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு என் பாயில் வந்து விழுந்தது.

"ஏனுங்க, வெளிய போயிரலாமுங்களா?" என்று அம்மா அப்பாவிடம் மெல்லக் கேட்டாள்.

"இப்ப எந்திரிச்சா கல்யாணம் நின்னுபோகும். பேசாம இரு அம்மணி."

சொன்னவர் தான் மட்டும் எழுந்து விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். எங்களை அடியில் உட்காரவைத்துவிட்டு இப்படியும் ஒரு மனிதர் போவாரா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஆணி எங்கே விழுமோ என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அத்தை கழுத்தில் தாலி ஏறியது. வெளியே வேப்பமரம் மட்டும் இன்னும் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் அம்மா அப்பாவின் நெஞ்சில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தகரத்தின் மேடு பள்ளம் அப்படியே வரிவரியாகச் சிவந்து பொரிந்திருந்தது. "உச்சி வெயில்ல காஞ்ச தகரத்து மேல போயிப் படுத்துக் கெடக்கோணுமுங்களா" என்று அழுதாள். எனக்கிருந்த கோபத்தில் அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"கண்ணு, இங்க வா" என்று அப்பா கூப்பிட்டார்.

"நீங்க எங்கள உட்டுப்போட்டு ஓடிப்போயிட்டீங்க" என்றேன்.

அப்பா, "ஆமாங் கண்ணு" என்றார்.

அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன் என்று அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.