பூவம்மா சுற்றிய ஆலம்

நெட்டுக்குப்பத்துப் பூவம்மா தன் தம்பிக்கு ஆலம் சுற்றினாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

தாயில்லாத ஜெயவேலை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அரசு வேலையில் இருந்த புருஷன் மாரடைப்பில் போய்விட, கருணை அடிப்படையில் திருவொற்றியூரில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஃபைல் தூக்கி, டீ கொடுத்து அவள் வாங்கும் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஜெயவேலின் வலையில் இப்போதெல்லாம் மீனைவிட அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறுதான் அதிகம் ஏறுகிறது. அதைத் தட்டிக் கேட்க ஆளில்லை என்றுதான் அவன் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கத் துணிந்தான்.

மனு கொடுக்கப் புறப்பட்டவனை வாசலில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டைச் சுற்றி, கண்கலங்கப் பொட்டு வைத்தாள். யாரோ அதைப் படம் பிடித்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் செங்குட்டுவன் அந்தப் படத்தைச் செல்போனில் நீட்டினார்.

"இது நீதானே?"

"நான்தான் சார்."

"அரசு ஊழியர் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு காட்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"என் தம்பி சார். கடலுக்குப் போறப்பவும் சுத்துவேன்."

"கடல்ல ஓட்டு கிடையாதும்மா. சஸ்பெண்ட் ஆனா வீட்டுல உக்காந்து சுத்திக்கிட்டே இரு. அவன்கிட்ட சொல்லு, வாபஸ் வாங்க நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு."

விதி அப்படி இருக்கலாம். சொன்ன வாய் எது? போன வாரம் எதிர் வேட்பாளரின் பிறந்தநாளுக்கு ஊழியர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுயர மாலை போட்டு, அவர் காலில் விழுந்து எழுந்து, பிரியாணி தின்ற வாய். அந்த நெய் உதட்டில் காய்வதற்குள் விதி பேசியது. எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள்.

"வேலை போனா போவுது நைனா. கூடை தூக்கி மீன் வித்துக்குவேன். நீ மட்டும் பின்வாங்காதே."

"கஞ்சி ஊத்துக்கா, பசிக்குது," என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த நாள் மதியம் செங்குட்டுவன் பால்கோவாவை நீட்டினார். "எடுத்துக்கோம்மா. உன் தம்பி வாபஸ் வாங்கிட்டான். வேட்பாளரே இல்லேன்னா ஆலம் சுத்தினதுல என்ன தப்பு? அக்கா தம்பி பாசம்."

பூவம்மா இனிப்பைத் தொடவில்லை. வீட்டுக்கு ஓடினாள்.

"இன்னாடா பண்ணிட்டு வந்துகீறே?"

"உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுகினு எனக்கு இன்னாத்துக்குக்கா கவுன்சிலரு?"

"உன்ன மெரட்டினா நீ அடங்கமாட்டேன்னு தெரிஞ்சுதான்டா என் கழுத்தைப் புடிச்சானுங்க."

ஜெயவேல் அவள் மடியில் முகம் புதைத்து விம்மினான். எத்தனையோ முறை அவன் கண்ணீரைத் துடைத்த கை, அன்று எழவில்லை.

காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். செங்குட்டுவனுக்கு டீயை வைத்தாள். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சர்க்கரை கம்மி," என்றார்.

பூவம்மா கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்பி தன்னையே விற்று மீட்டுக் கொடுத்த வேலையாயிற்றே.