மேம்பாலத்தில் நின்ற பை

பள்ளிக்கரணையில் ரத்தினபாய் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவளுடைய பையைத் தெரியாதவர்கள் கிடையாது. அலுவலக அறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும் சாம்பல் நிற முதுகுப் பை. டீச்சர்கள் அதற்கு, பைபிளில் பெருவெள்ளத்துக்குத் தப்பிய கப்பலை நினைத்து, ‘நோவா பேழை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். லேசாகத் தூறினால் போதும், "ரத்னா மேடம், பேழைல எனக்கு ஒரு சீட்டு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். பீஸ் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து அஸ்தினாபுரத்துக்கு நடந்தே போனவள். அன்று செருப்பு போனது, போன் போனது, மூடி இல்லாத சாக்கடைக் குழியில் ஒரு கால் தொடை வரை போனது. பின்னால் வந்த யாரோ ஒருவர் சடையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. மழை விட்டதும் தாம்பரத்துக்குப் போய் இந்தப் பையை வாங்கினாள்.

உள்ளே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ, டார்ச், விசில், கொடிக்கயிறு, மாத்திரை, உலர்ந்த திராட்சை, பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் நகல். வெளியே பக்கவாட்டில் இழுத்தால் நீளும் ஒரு பழைய ஜன்னல் ஸ்கிரீன் கம்பி. தண்ணீருக்கடியில் தரை இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பதற்கு. அடியில் வீட்டுச் சாவி ஒன்று. வருடா வருடம் ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லாவற்றையும் கொட்டி, திராட்சையையும் பேட்டரியையும் மாற்றி மறுபடி அடுக்குவாள்.

"எங்க இருந்தாலும் வீட்டுக்கு வர்றதுக்குத்தான் ரெடியா இருக்க. ஒரு தடவையாவது எங்கயாச்சும் போறதுக்குப் பை கட்டிருக்கியா?" என்று கேட்டாள் அக்கா அபிகாயில். இருவரும் கீழ்வீட்டில் இருந்தார்கள். மாடியில் ஸ்டெபின் என்ற பையன் வாடகைக்கு இருந்தான். கிண்டியில் வேலை.

ஆகஸ்டில் பாத்ரூமில் விழுந்ததில் அபிகாயிலுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ரத்தினபாய் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வரை, சம்பளத்துக்கு வைத்திருந்த கனகவல்லி வந்து பார்த்துக்கொண்டாள்.

தீபாவளி விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். அறையைக் காலி செய்யச் சொன்னபோது ரத்தினபாய் பையைக் கொண்டுவந்து கார் டிக்கியில் போட்டாள். திங்கட்கிழமை திரும்ப எடுத்துப்போவதாக இருந்தாள். திங்கட்கிழமை மறந்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஸ்டெபின் கதவைத் தட்டினான். "ஆன்ட்டி, ஆரஞ்சு அலர்ட். நம்ம தெரு வண்டியெல்லாம் பாலத்துல ஏத்துறோம். சாவி குடுங்க."

பெருமழை என்று அறிவித்தால் அந்தப் பக்கத்தில் கார்கள் மேம்பாலத்தில் ஏறிவிடும். இவர்கள் தெருவுக்கு மேடவாக்கம் பாலம். சாவிக் கொத்துகளை ஆட்டோக்காரர் குப்பனிடம் கொடுத்து அவரையும் பாலத்திலேயே நிறுத்திவைப்பார்கள். போலீஸ் வந்து எடுக்கச் சொன்னால் எடுக்க ஆள் வேண்டுமே. ரத்தினபாய் சாவியைக் கொடுத்தாள். கார் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மதியம் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது கனகவல்லியின் போன் வந்தது.

"அக்கா, எங்க வூட்ல தண்ணி பூந்துகினு கீது. நான் போயே ஆவணும். பெரியக்காவ உள்ள வெச்சுப் பூட்டிகினு போறேன். தொறந்து வுட்டா யார் வருவாங்கன்னே தெரில. உன்னாண்ட இன்னோரு சாவி கீதில்ல?"

"இருக்கு. நீ போ."

போனை வைத்த பிறகுதான் சாவி பையில் இருப்பதும், பை டிக்கியில் இருப்பதும், டிக்கி பாலத்தின் மேல் இருப்பதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. திரும்பக் கூப்பிட்டாள். கனகவல்லி எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டாள்.

"கேட் வரைக்கும் தண்ணி வந்துருச்சு," என்றாள் அபிகாயில், கறிவேப்பிலை விலை சொல்வதுபோல. "கரண்ட் இல்ல. போன்ல கொஞ்சம்தான் சார்ஜ் இருக்கு. உன் பேழை எங்க?"

"பாலத்துல."

"பேழை மலை மேலதான் போய் நின்னுச்சாம். மெதுவா வா," என்றாள். பிறகு போன் அணைந்துவிட்டது.

ஸ்டெபின் கிண்டியில் மாட்டியிருந்தான். ரயில் ஓடவில்லை. பக்கத்து வீட்டு நம்பர் ஏதும் மணியடிக்கவில்லை. கடைசிப் பிள்ளையின் அப்பா வந்து கூட்டிப்போனதும் ரத்தினபாய் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மேடவாக்கம் வரை பஸ் போன வழியிலேயே நடந்தாள். கையில் கம்பி இல்லை என்பதால் சாலைத் தடுப்பைத் தொட்டுக்கொண்டே போனாள். தொடத் தடுப்பு இல்லாத இடங்களில் முன்னால் போகிறவர் முழுதாகப் போகிறாரா என்று பார்த்துவிட்டு அடியெடுத்து வைத்தாள். அபிகாயில் கால் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. கட்டில் உயரம் முழங்கால் அளவு. தண்ணீர் கட்டிலைத் தொட்டால் அக்கா இறங்கப் பார்ப்பாள். சும்மா இருக்கிற ரகம் இல்லை.

பாலத்தின் மேல் கார்கள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நின்றன. குப்பன் நடுவில் சிக்கிய தன் ஆட்டோவுக்குள் காலை மடக்கி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். கழுத்தில் கயிற்றில் கோத்த சாவிகள்.

"இன்னாக்கா, இந்த மழைல வாக்கிங்கா?"

"டிக்கியத் தொறக்கணும் குப்பா."

"அதான் பேஜாரு. பின்னாடி ஸ்ரீரங்கன் சார் வண்டி. பேப்பர் கூட போவாது நடுவுல. உள்ள பூந்துதான் எடுக்கணும்."

ரத்தினபாய் பின்சீட்டை மடக்கிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனாள். குப்பன் வெளியிலிருந்து குடை பிடித்தார், காருக்கு. பையை இழுத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்து ஷூவைப் போட்டாள். இறங்கி நின்றதும் வலது ஷூவின் அடிப்பாகம் பசை விட்டுத் தனியாகக் கழன்றது. இரண்டு அடி வைத்தாள், இடதும் கழன்றது.

"உள்ளயே வெச்சிகினா இப்டித்தான்க்கா. செருப்ப இப்டித் தினம் போட்டு ஒழைக்கணும்," என்று தன் காலைக் காட்டினார் குப்பன்.

அவள் பையின் அடியில் துழாவிச் சாவியை எடுத்தாள். நீளமான பித்தளைச் சாவி. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாச்சு?"

"இது பழைய பூட்டோட சாவி."

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பூட்டு துருப்பிடித்துச் சிக்கியது. ஸ்டெபின் புதுப் பூட்டு வாங்கிவந்தான். அதற்கு இரண்டு சின்ன வெள்ளைச் சாவிகள். ஒன்று கனகவல்லியிடம். மற்றது சமையலறை ஆணியில், பூட்டிய வீட்டுக்குள். பையைப் பிரிப்பது ஜூனில். பூட்டு மாறியது ஆகஸ்டில்.

குப்பன் கடலைத் தோலை ஊதிவிட்டு, "பூட்ட ஒடைச்சிடேன்," என்றார். "நம்ம வூடுதானே, யார் கேக்கப் போறா?"

ரத்தினபாய் மறுபடி காருக்குள் தவழ்ந்தாள். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிய வீல் ஸ்பேனர் இருந்தது. ஒரு முனை தட்டையாக, நெம்புவதற்கு வாகாக. அதைப் பைக்குள் வைத்தாள். ஷூ இரண்டையும் குப்பன் கையில் கொடுத்தாள்.

"இத்த இன்னா பண்றது நானு?"

"பசை வாங்கி ஒட்டு."

"நான் சாவிக்குத்தான் காவல். செருப்புக் கடைக்கு இல்ல," என்றார். ஆனால் வாங்கி ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தார்.

பாலம் இறங்கியதும் கம்பியை நீட்டிக்கொண்டாள். செம்பாக்கம் தாண்டும்போது ஒரு இடத்தில் கம்பி பிடி வரைக்கும் உள்ளே போனது. அவள் நின்று, விசிலை ஊதி, பின்னால் வந்தவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டுச் சுற்றிப் போனாள். அந்தப் பையை வாங்கியதற்கு அது ஒன்று போதும் என்று பிறகு சொன்னாள்.

தெருவுக்குள் நுழையும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு உள்ளே பீரோ இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னல் கம்பி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாள். அபிகாயில் கட்டிலில் தலையணைகளைச் சேர்த்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்குச் சாண் அளவு கீழே தண்ணீர். அதில் அவளுடைய வாக்கர் கவிழ்ந்து கிடந்தது.

"எறங்கினியா?"

"காலத் தொங்க விட்டுப் பாத்தேன். குளிருச்சு. ஏத்திக்கிட்டேன்." டார்ச் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறிருந்தா இறங்கியிருப்பேன் ரத்னா," என்றாள்.

ரத்தினபாய் ஸ்பேனரின் தட்டை முனையை நாதாங்கிக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். மரம் ஊறியிருந்தது. திருகாணிகள் வரமாட்டேன் என்று முனகிவிட்டு ஒவ்வொன்றாக வந்தன. பூட்டு பூட்டியபடியே தண்ணீரில் விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போய், அக்காவின் கையைத் தன் தோளில் போட்டு, அடிபட்ட பக்கம் தரையில் படாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டு, கொடிக்கயிற்றால் தன்னோடு சேர்த்துக் கட்டி மாடிப்படிக்குக் கொண்டுவந்தாள். படியில் அக்காவை உட்காரவைத்து, பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து ஒவ்வொரு படியாக மேலே இழுத்தாள். ஸ்டெபின் வீடு பூட்டியிருந்தது. அவன் வாசலில் தகரக் கூரை இருந்தது. அது போதுமாக இருந்தது.

ரத்தினபாய் பையிலிருந்து திராட்சையை எடுத்தாள். அபிகாயில் இரண்டைத் தின்று பார்த்தாள்.

"அடுத்த தடவை முறுக்கு வை."

"நமுத்துடும்."

"நமுத்தாலும் பரவால்ல."

காலையில் கனகவல்லி தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு சாவியோடு வந்தாள். தண்ணீரில் கிடந்த பூட்டைத் தேடியெடுத்துத் திறந்து பார்த்து, "பூட்டு நல்லாத்தான்க்கா கீது," என்றாள்.

டிசம்பரில் ஒருநாள் ஸ்டெபின் அவர்கள் காரை அபிகாயிலின் செக்கப்புக்கு ஓட்டிப்போனான். ராஜகீழ்ப்பாக்கத்தில் டயர் பஞ்சர். போன் பண்ணினான். "ஆன்ட்டி, ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு, வீல் ஸ்பேனர காணோமே."

"பையில இருக்கு," என்றாள் ரத்தினபாய்.

"பை எங்க?"

"ஸ்கூல்ல, பீரோவுக்குப் பக்கத்துல."

"வேற வாங்கிக்கோ தம்பி," என்று பின்சீட்டிலிருந்து அபிகாயில் சொல்வது அவளுக்குப் போனில் கேட்டது. "அத அவ எடுக்க மாட்டா."